டிஸ்க் செத்த மறுநாள்

கல்யாண ஸ்டூடியோ, ஆடிட்டர் ஆபீஸ், ஸ்கேன் சென்டர் மாதிரி சின்ன இடங்களுக்கு ஸ்டோரேஜ் போட்டுக் கொடுக்கிற வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு இது. டேட்டா சென்டர் கணக்கு வேறு. அதைச் சொல்லித்தர வேறு ஆட்கள் இருக்கிறார்கள். நான் பேசுவது இரண்டிலிருந்து எட்டு டிஸ்க் வரை போகும் பெட்டிகளைப் பற்றி. உதாரணத்துக்குக் கல்யாண ஸ்டூடியோவையே எடுத்துக்கொள்கிறேன். மறுபடி எடுக்கவே முடியாத ஃபைல்களை வைத்துப் பிழைக்கிற தொழில் அது. தாலி கட்டும் ஷாட் போய்விட்டது, இன்னொரு முறை கட்டுங்கள் என்று கேட்க முடியாது.

1. வாங்குகிற நாளை வைத்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். டிஸ்க் செத்த மறுநாளை வைத்துத் தேர்ந்தெடுங்கள்.

கொள்ளளவு, வேகம், விலை மூன்றும் வாங்குகிற நாள் சமாச்சாரம். டிஸ்க் விற்கும் ரிச்சி தெருக் கடைக்காரர் அதைத்தான் பேசுவார். அது அவர் வேலை. நீங்கள் கேட்டுக்கொள்ள வேண்டியது வேறு. வைகாசி முகூர்த்த சீசனில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை டிஸ்க் ஒன்று போய்விடுகிறது. ஸ்டூடியோவில் யார் இருப்பார்கள்? மாற்று டிஸ்க் எங்கே? புதுசைப் போட்டபிறகு பழைய நிலைக்கு வர எத்தனை மணி நேரம்? அதற்குள் இன்னொன்றும் போனால்? இந்த நாலுக்கும் பதில் வைத்திருந்தால் டிஸ்க்குகளைச் சேர்த்து ஓட்டும் ரெய்டு முறைகளில் எது என்பது பாதி முடிவாகிவிட்ட மாதிரி.

நம் டிஸ்க் போகாது என்ற நம்பிக்கை வேண்டாம். பேக்பிளேஸ் என்ற அமெரிக்க நிறுவனம் தன்னிடம் ஓடும் டிஸ்க்குகளின் கணக்கை 2013லிருந்து எடுத்து வெளியிட்டு வருகிறது. ஆண்டுக்கு நூற்றுக்கு ஒன்று, ஒன்றரை என்ற அளவில் போகின்றன. பார்த்தால் சின்ன எண்தான். ஒன்றரை என்றே வைத்து, நாலு டிஸ்க்கை ஐந்து வருஷம் ஓட்டிக் கணக்குப் போடுங்கள்: அதில் ஒன்றாவது போகும் வாய்ப்பு ஏறக்குறைய நாலில் ஒன்று. அதுவும் ஏசி குறையாத, கரண்ட் தடுமாறாத இடத்தில் ஓடுகிற டிஸ்க்குகளுக்கு. ஆல்பம் பிரிண்டருக்குப் பக்கத்தில், பெஞ்சுக்கு அடியில் தூசியோடு கிடக்கும் பெட்டிக்கு என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

2. ரெய்டு பேக்கப் ஆகாது.

எல்லோரும் சொல்வதுதான், எல்லோரும் சொன்னபிறகும் பாதிப் பேர் கேட்பதில்லை. ரெய்டு காப்பாற்றுவது ஒரே ஒரு விபத்திலிருந்து, அதாவது டிஸ்க் செத்துப்போவதிலிருந்து. எடிட்டர் தவறான ஃபோல்டரை டெலிட் செய்தால் எல்லா டிஸ்க்கிலும் அது அந்த நொடியே டெலிட் ஆகும். 2021 ஜூனில் வெஸ்டர்ன் டிஜிட்டலின் பழைய மை புக் லைவ் பெட்டிகளை இன்டர்நெட் வழியாக யாரோ காலி செய்தார்கள். 2022 ஜனவரியில் டெட்போல்ட் என்ற ரேன்சம்வேர், இன்டர்நெட்டுக்குத் திறந்துவிடப்பட்டிருந்த க்யூநாப் பெட்டிகளுக்குள் புகுந்து ஃபைல்களைப் பூட்டியது. இரண்டு சம்பவத்திலும் டிஸ்க்குகள் நல்ல ஆரோக்கியத்தோடுதான் இருந்தன.

ரெய்டு வாங்கித் தருவது நேரம். டிஸ்க் போன அன்றைக்கும் கடை ஓடும், சாயங்காலம் தர வேண்டிய ஆல்பம் போகும். அவ்வளவுதான், ஆனால் அது சின்ன விஷயமில்லை. வாடிக்கையாளரிடம் இரண்டு டிஸ்க்குக்குத்தான் பணம் இருக்கிறதா? ரெய்டு வேண்டாம் என்று தைரியமாகச் சொல்லுங்கள். ஒன்றில் வேலை, இன்னொன்றில் தினசரி பேக்கப், வேலை முடிந்ததும் வயரைக் கழற்றி பீரோவுக்குள். பார்க்க அழகாக இருக்காது. ஆனால் ஒரே பெட்டிக்குள் எப்போதும் சேர்ந்து ஓடும் ஜோடியைவிட அது பத்திரம்.

3. எவ்வளவு வேண்டும் என்று வாடிக்கையாளரைக் கேட்காதீர்கள். நீங்களே அளந்து பாருங்கள்.

அவர் சொல்லும் எண் எப்போதும் தப்பு. 4கே வீடியோவை 100 மெகாபிட்டில் எடுத்தால் வினாடிக்கு 12.5 எம்பி, மணிக்கு 45 ஜிபி. மூன்று கேமரா, ஆளுக்கு ஆறு மணி நேரம் என்றால் ஒரு கல்யாணம் 800 ஜிபியைத் தாண்டும். ரா போட்டோக்கள் தனி. சீசனில் மாதத்துக்கு எட்டு கல்யாணம் பிடிக்கிறவருக்கு எவ்வளவு ஆகும் என்று பெருக்கிப் பாருங்கள்.

உடனே பெரிய பெட்டிக்கு ஓடிவிடவும் வேண்டாம். அதில் எத்தனை கல்யாணம் இன்னும் எடிட்டில் இருக்கிறது, எத்தனை டெலிவரி முடிந்து சும்மா கிடக்கிறது என்று பிரியுங்கள். டெலிவரி முடிந்தது ரெய்டில் இருக்க வேண்டிய அவசியமே இல்லை. தனித்தனி டிஸ்க்கில் இரண்டு காப்பி போதும். வேலையில் இருப்பதற்கு மட்டும் ரெய்டு என்று வைத்தால் பெட்டி பாதியாகச் சுருங்கும், செலவும் சுருங்கும்.

8 டிபி என்று அட்டையில் போட்டிருக்கும் டிஸ்க் விண்டோஸில் 7.27 என்றுதான் காட்டும். ஏமாற்று இல்லை, தயாரிப்பாளர்கள் ஆயிரத்தால் வகுக்கிறார்கள், விண்டோஸ் 1024ஆல் வகுக்கிறது. முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் மிச்சத்தை நீங்கள் எடுத்துக்கொண்டதாக நினைப்பார்.

4. ரெய்டு எண்களை மனப்பாடம் செய்யாதீர்கள். பாரிட்டியை ஒரு தடவை கையால் போட்டுப் பாருங்கள்.

1988ல் பெர்க்லியில் டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் மூவரும் எழுதிய கட்டுரையில்தான் ரெய்டு 1 முதல் 5 வரை எண் போட்டார்கள். 0வும் 6ம் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டவை. ரெய்டு 0வில் பாதுகாப்பு என்று எதுவுமே கிடையாது. எத்தனை டிஸ்க் சேர்த்தாலும் ஒன்று போனால் எல்லாம் போச்சு.

பாரிட்டி இவ்வளவுதான். மூன்று டிஸ்க்கில் 1, 0, 1 என்று எழுதியிருக்கிறது. நாலாவதில், மொத்த ஒன்றுகளின் எண்ணிக்கை இரட்டைப்படையாக வரும்படி ஒரு பிட் எழுதுகிறோம். இங்கே ஏற்கெனவே இரண்டு ஒன்று இருக்கிறது, அதனால் 0. இப்போது நடு டிஸ்க்கை மறைத்துக்கொள்ளுங்கள். மீதி 1, 1, 0. இரட்டைப்படை ஆகிவிட்டதால் மறைந்தது 0. முதல் டிஸ்க்கை மறைத்தால் மீதி 0, 1, 0. ஒற்றைப்படை, ஆகவே மறைந்தது 1. நாலில் எது போனாலும் இப்படித் திரும்பக் கிடைக்கும். இரண்டு போனால் கிடைக்காது. ரெய்டு 5 இதைத்தான் செய்கிறது, பாரிட்டியை ஒரே டிஸ்க்கில் வைக்காமல் எல்லாவற்றிலும் மாற்றி மாற்றி எழுதுகிறது. ரெய்டு 6 இன்னொரு கணக்கையும் சேர்த்து எழுதி இரண்டு டிஸ்க் சாவைத் தாங்கும்.

காகிதத்தில் போட்டுப் பார்த்தவர்களுக்கு ஒன்று உறைக்கும்: போன ஒரு பிட்டைக் கண்டுபிடிக்க மீதி எல்லா டிஸ்க்கையும் படித்தாக வேண்டும். புது டிஸ்க்கை நிரப்பும் ரீபில்டு எப்படி நடக்கிறது என்பது இதிலேயே இருக்கிறது.

5. இரண்டு பே பெட்டி, பேக்கப்புக்குத் தனி டிஸ்க்கும் உண்டு என்றால் மிரர், அதாவது இரண்டிலும் ஒரே காப்பி. யோசிக்க ஒன்றும் இல்லை.

6. நாலு பே பெட்டியில்தான் சண்டையே.

நாலு 8 டிபி டிஸ்க் என்று வையுங்கள். ரெய்டு 5 போட்டால் 24 டிபி, ரெய்டு 6 போட்டால் 16, மிரர் ஜோடிகளைச் சேர்த்து ஓட்டும் ரெய்டு 10 போட்டாலும் 16. வாடிக்கையாளர் 24ஐப் பார்த்தவுடனே கண் விரியும். அவருக்கு மறுநாளைச் சொல்லுங்கள்.

ரெய்டு 5ல் ஒரு டிஸ்க் போய்ப் புதுசு போடுகிறீர்கள். வினாடிக்கு 150 எம்பி வேகத்தில் இடைவிடாமல் எழுதினாலே 8 டிபி நிரம்பப் பதினைந்து மணி நேரம் ஆகும். பக்கத்தில் எடிட்டிங்கும் ஓடினால் இரண்டு மூன்று நாள் சாதாரணம். அந்த நேரம் முழுக்க மீதி மூன்று டிஸ்க்கும் முதல் செக்டர் முதல் கடைசி வரை படிக்கப்படும், மொத்தம் 24 டிபி. வருஷக்கணக்கில் யாரும் தொடாத செக்டர்களும் அதில் அடக்கம். சாதாரண டிஸ்க்குகளின் விவரத் தாளில், 12.5 டிபி படித்தால் படிக்க முடியாத இடம் ஒன்று வரலாம் என்று தயாரிப்பாளரே போட்டிருப்பார். இதை வைத்து ரெய்டு 5 செத்துவிட்டது என்று பல வருஷமாகச் சிலர் ஒப்பாரி வைக்கிறார்கள். அது கொஞ்சம் மிகைதான். நல்ல டிஸ்க்குகள் அந்த எண்ணைவிட நன்றாகவே நடந்துகொள்கின்றன. ஆனால் அந்த மூன்று நாளும் உங்களுக்கு மாற்று எதுவும் இல்லை என்பது மிகையில்லை.

ஆகவே என் வழக்கம்: 4 டிபி வரை உள்ள டிஸ்க், நல்ல பேக்கப், மூன்று அல்லது நாலு டிஸ்க் என்றால் ரெய்டு 5க்கு மறுப்புச் சொல்ல மாட்டேன். 8 டிபிக்கு மேல் போனால் ரெய்டு 6 அல்லது 10.

அந்த இரண்டில் எது? ரெய்டு 6ல் எந்த இரண்டு போனாலும் தாங்கும். ரெய்டு 10ல் ஒன்று போனபிறகு மீதி மூன்றில் அதன் ஜோடி போனால் கதை முடிந்தது, மற்ற இரண்டில் ஒன்று போனால் தப்பிக்கலாம். அதற்குப் பதிலாக ரெய்டு 10ன் ரீபில்டு சுலபம், ஜோடி டிஸ்க்கை மட்டும் அப்படியே காப்பி எடுத்தால் போதும். டேட்டாபேஸ் ஓடும் ஆபீஸுக்கு 10 கொடுங்கள். வீடியோ குவிக்கும் ஸ்டூடியோவுக்கு 6. வேகத்துக்காக 10 வேண்டும் என்று யாராவது சொன்னால் சுவிட்சைப் பாருங்கள். ஒரு கிகாபிட் நெட்வொர்க்கில் வினாடிக்கு 110 எம்பிக்கு மேல் போகாது; இன்றைய ஒற்றை டிஸ்க்கே அதைத் தாண்டும். அந்தப் பணத்தில் 2.5 கிகாபிட் சுவிட்ச் வாங்கட்டும்.

இன்னொன்று. மூன்று டிஸ்க்கில் ரெய்டு 5, நாலாவது ஹாட் ஸ்பேர் என்று ஒரு ஏற்பாடு இருக்கிறது. கிடைக்கும் இடம் ரெய்டு 6க்குச் சமம், அதாவது இரண்டு டிஸ்க். ஆனால் அந்த ஸ்பேர் சும்மா சுற்றித் தேய்ந்துகொண்டு, ஒருவர் செத்தபிறகுதான் எழுந்து வேலை ஆரம்பிக்கும். ரெய்டு 6ல் அதே நாலாவது டிஸ்க் முதல் நாளிலிருந்தே காவலில் நிற்கும். நாலு பேயில் ஹாட் ஸ்பேர் போடாதீர்கள்.

7. டிஸ்க்கின் மாடல் நம்பரைப் படிக்காமல் காசு கொடுக்காதீர்கள்.

எஸ்எம்ஆர் என்ற வகையில் டிராக்குகள் நாட்டு ஓடு வேய்ந்த மாதிரி ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும். ஒன்றை மாற்றினால் அதன்மேல் ஏறியிருப்பதையும் திரும்ப எழுத வேண்டும். சும்மா காப்பி போட்டு வைக்கப் பரவாயில்லை, ரீபில்டு என்று வந்தால் மூச்சு வாங்கும். 2020ல் வெஸ்டர்ன் டிஜிட்டலின் ரெட் வரிசையில், நாஸ் (நெட்வொர்க் ஸ்டோரேஜ் பெட்டி) டிஸ்க் என்று விற்ற 2 முதல் 6 டிபி மாடல்கள் சில எஸ்எம்ஆர் என்பது வெளியே வந்தது. அட்டையில் அதைப் போட்டிருக்கவில்லை. மணிக்கணக்கில் முடிய வேண்டிய ரீபில்டு நாள்கணக்கில் இழுத்தது, சில இடங்களில் டிஸ்க்கே வெளியே தள்ளப்பட்டது. பிறகுதான் டிராக்குகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாத சிஎம்ஆர் டிஸ்க்குகளை ரெட் பிளஸ் என்று பிரித்து விற்றார்கள். ரெய்டுக்கு சிஎம்ஆர் மட்டும். கடைக்காரர் ரெண்டும் ஒண்ணுதான் சார் என்பார். தயாரிப்பாளர் தளத்தில் மாடல் நம்பரைப் போட்டுப் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

டெஸ்க்டாப் டிஸ்க்குக்கு இன்னொரு குணம். படிக்க முடியாத செக்டரை விடாப்பிடியாக ஒரு நிமிஷத்துக்கு மேல்கூட முயன்றுகொண்டிருக்கும். லினக்ஸ் இயல்பாக 30 வினாடிதான் காத்திருக்கும். பதில் இல்லை என்றால் டிஸ்க் செத்தது என்று முடிவு கட்டி வெளியே தள்ளிவிடும். நாஸ் டிஸ்க்குகள் ஏழு வினாடியில் கைவிரித்துவிடும்; மீதியை ரெய்டு பார்த்துக்கொள்ளும். நாஸ் டிஸ்க்குக்குக் கூடுதலாகக் கொடுக்கும் காசில் ஒரு பங்கு இந்தப் பணிவுக்குத்தான்.

8. நாலு டிஸ்க்கையும் ஒரே பெட்டியிலிருந்து உடைத்துப் போடாதீர்கள்.

ஒரே நாளில் பிறந்து, ஒரே வெப்பத்தில், ஒரே அளவு வேலை செய்கிறவை கிட்டத்தட்ட ஒரே சமயத்தில் தளரும். நம்ப மாட்டேன் என்பவர்களுக்கு: 2019 நவம்பரில் எச்பிஇ நிறுவனம் தன் சர்வர் எஸ்எஸ்டிக்கள் சிலவற்றைப் பற்றி ஓர் அறிவிப்பு விட்டது. ஃபர்ம்வேர் கோளாறால் அவை 32,768 மணி நேரம் ஓடியதும் நின்றுவிடும். மூன்று வருஷம், 270 நாள், 8 மணி நேரம். ஒரே நாளில் சுவிட்ச் போட்ட டிஸ்க்குகள் ஒரே நாளில் நிற்கும். அங்கே ரெய்டு 6 இருந்தும் பயன் இல்லை. இரண்டு கடையில், இரண்டு தவணையில் வாங்குங்கள். முடிந்தால் இரண்டு கம்பெனி டிஸ்க்கைக் கலந்து போடுங்கள். அளவு மட்டும் ஒத்துப்போக வேண்டும்.

9. ரெய்டு கார்டா, சாஃப்ட்வேரா?

சின்ன இடத்துக்கு சாஃப்ட்வேர் ரெய்டு. கார்டு போனால் அதற்கு ஒத்துவரும் கார்டைத் தேடி அலைய வேண்டும்; அந்த மாடல் அதற்குள் சந்தையிலேயே இருக்காது. லினக்ஸ் எம்டி ரெய்டு டிஸ்க்குகளை வேறு எந்த லினக்ஸ் மெஷினில் சொருகினாலும் எழுந்து நிற்கும்.

வாய்ப்பு இருந்தால் இசட்எஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டம். சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 2005ல் வெளியிட்டது, இப்போது ட்ரூநாஸ் வழியாக இலவசமாகவே கிடைக்கிறது. சாதாரண மிரரில் இரண்டு காப்பியும் வேறு வேறாக இருந்தால் எது சரி என்று அதற்குத் தெரியாது. இசட்எஃப்எஸ் ஒவ்வொரு பிளாக்குக்கும் செக்சம் வைத்திருப்பதால் தெரியும்; கெட்டதை நல்லதைக் கொண்டு அதுவே சரிசெய்யும். ரீபில்டில் ஒரு செக்டர் படிக்கவில்லை என்றால் எந்த ஃபைல் கெட்டது என்று பெயர் சொல்லிவிட்டு மேலே போகும். பின்னால் டிஸ்க் சேர்த்து அகலப்படுத்த முடியாது என்பதுதான் அதன் பெரிய குறையாக இருந்தது. 2025ல் வந்த 2.3 பதிப்பிலிருந்து அதுவும் முடிகிறது. இன்னொரு ஃபைல் சிஸ்டமான பிடிஆர்எஃப்எஸ்ஸின் சொந்த ரெய்டு 5, 6 பக்கம் போகாதீர்கள். வேண்டாம் என்று அதன் கையேடே சொல்கிறது.

10. யுபிஎஸ் இல்லாமல் பாரிட்டி ரெய்டு போடாதீர்கள்.

டேட்டா எழுதியாயிற்று, பாரிட்டி இன்னும் எழுதவில்லை, கரண்ட் போயிற்று. இரண்டும் ஒத்துப்போகாமல் நிற்கும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. பல மாதம் கழித்து டிஸ்க் செத்து, அந்தப் பாரிட்டியை நம்பிக் கணக்குப் போடும்போதுதான் குப்பை வரும். இசட்எஃப்எஸ்ஸில் இந்த ஓட்டை இல்லை. இருந்தாலும் யுபிஎஸ் போடுங்கள், யுஎஸ்பி வயரையும் பெட்டியில் சொருகுங்கள். பேட்டரி தீருமுன் பெட்டி தானே அணைய வேண்டும். அந்த வயர் பெரும்பாலும் கவர்கூடப் பிரிக்காமல் அட்டைப்பெட்டியிலேயே கிடக்கும்.

11. ஒவ்வொரு ட்ரேயின் முகப்பிலும் அந்த டிஸ்க்கின் சீரியல் நம்பரில் கடைசி நாலு எழுத்தை ஒட்டுங்கள்.

செத்த டிஸ்க் மட்டுமல்ல, செத்ததை விட்டுவிட்டு நல்லதை உருவிய கையும் ரெய்டுகளைக் கொன்றிருக்கிறது. சாஃப்ட்வேர் மூன்றாவது டிஸ்க் என்று சொல்லும். அது இடமிருந்து மூன்றா, 0விலிருந்து எண்ணி மூன்றா? சீரியல் நம்பருக்கு அந்தக் குழப்பம் கிடையாது. லேபிள் மெஷின் இல்லாவிட்டால் மாஸ்கிங் டேப்பும் பேனாவும் போதும்.

12. எச்சரிக்கை யாருக்குப் போகிறது என்று பாருங்கள்.

ஒரு டிஸ்க் போன ரெய்டு சத்தமில்லாமல் ஓடும், அதற்காகத்தானே போட்டோம். மெயில் அலர்ட் வைக்காத பெட்டியில், இரண்டாவது போகும்போதுதான் முதலாவது போனதே தெரியவரும். அலர்ட் உங்களுக்கும் வர வேண்டும், ஸ்டூடியோக்காரருக்கும் போக வேண்டும். ஒரு டெஸ்ட் மெயில் அனுப்பிப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் கணக்கில் ரீஅலோகேட்டட், பெண்டிங் செக்டர் இரண்டையும் கவனியுங்கள். 0விலிருந்து ஏற ஆரம்பித்தால் அந்த டிஸ்க்குக்கு மாற்று தேடுங்கள். 2007ல் கூகுள் ஆட்கள் தங்கள் டிஸ்க்குகளை ஆராய்ந்தபோது, முதல் ஸ்கேன் எரர் வந்த டிஸ்க் அடுத்த 60 நாளுக்குள் சாகும் வாய்ப்பு மற்றவற்றைவிட 39 மடங்கு என்று கண்டார்கள். அதே ஆய்வில், செத்தவற்றில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எந்த ஸ்மார்ட் எச்சரிக்கையும் தராமலே போயிருந்தன. ஆக, சிவப்பு வந்தால் நம்புங்கள். பச்சையை முழுசாக நம்பாதீர்கள்.

மாதம் ஒரு ஸ்கிரப், அதாவது எல்லா டிஸ்க்கையும் முழுக்கப் படித்துச் சரிபார்க்கும் வேலை, ஓட வேண்டும். யாரும் தொடாத செக்டர் கெட்டிருந்தால் அது ரீபில்டு நடுவில் தெரிவதைவிட ஒரு சாதாரண ஞாயிற்றுக்கிழமை தெரிவது நல்லது.

13. ஒப்படைக்குமுன் ஒரு டிஸ்க்கை உருவிக் காட்டுங்கள்.

டேட்டா ஏற்றுமுன், ஸ்டூடியோக்காரர் கண்ணெதிரே. பீப் சத்தம் வரட்டும், மெயில் வரட்டும், ஃபைல் திறக்கட்டும். திரும்பப் போட்டு ரீபில்டு எத்தனை மணி நேரம் எடுக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பேக்கப்பிலிருந்தும் ஒரு ஃபோல்டரைத் திருப்பி எடுத்துக் காட்டுங்கள். 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் ஒருவர் ஓடும் டேட்டாபேஸையே தவறி அழித்துவிட்டார். ஐந்து விதமாகக் காப்பி எடுக்க ஏற்பாடு இருந்தும் நம்பி எடுக்க எதுவும் ஒழுங்காக இல்லை. ஆறு மணி நேரத்துக்கு முன் தற்செயலாக எடுத்துவைத்த ஒரு ஸ்னாப்ஷாட்தான் காப்பாற்றியது.

14. ஒரு காப்பி அந்தக் கட்டடத்துக்கு வெளியே.

மூன்று காப்பி, இரண்டு வகை ஊடகம், ஒன்று வெளியிடத்தில் என்ற 3-2-1 விதியைப் பரப்பிய பீட்டர் க்ரோக் ஒரு போட்டோகிராபர். ஸ்டூடியோக்காரரிடம் அதைச் சொல்லிப் பாருங்கள், இன்ஜினியர் சொன்னதைவிட மதிப்பார். சென்னையில் 2015 டிசம்பரைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. தரைத்தளத்தில் தண்ணீர் ஏறினால் ரெய்டு 6ம் அதன் பக்கத்திலேயே வைத்த பேக்கப்பும் சேர்ந்தே மூழ்கும். முதலாளி வீட்டு மாடியில் ஒரு டிஸ்க் இருந்தால் போதும், கிளவுட்தான் வேண்டும் என்றில்லை.

15. போன் வந்ததும் செய்ய வேண்டிய வரிசை.

"அண்ணே, எதையும் தொடாதீங்க, ரீஸ்டார்ட் பண்ணாதீங்க. எந்த ட்ரேயில சிவப்பு எரியுது, அதுல ஒட்டியிருக்கிற நாலு எழுத்து என்னன்னு மட்டும் சொல்லுங்க." முதலில் இது. நேரில் போனதும் டிஸ்க்கை மாற்றாதீர்கள். பேக்கப் எப்போது கடைசியாக ஓடியது என்று பாருங்கள். பழசாக இருந்தால், வேலையில் இருக்கும் கல்யாணங்களை முதலில் வேறு டிஸ்க்குக்கு இழுங்கள். ரீபில்டின் முரட்டுப் படிப்பை மீதி டிஸ்க்குகள் தாங்குமா என்பது அதற்குப் பிறகு தெரிந்தால் போதும். அப்புறம் சீரியல் நம்பரை ஒப்பிட்டு, அலமாரியில் சீல் உடைக்காமல் வைத்திருந்த ஸ்பேரைப் போடுங்கள். திரையில் இனிஷியலைஸ், கிரியேட் நியூ என்று எது கேட்டாலும் அழுத்தாதீர்கள். ரிப்பேர் அல்லது ரீபிளேஸ் என்று இருப்பதுதான் உங்களுக்கு. ரீபில்டு முடிந்ததும் ஒரு ஸ்கிரப். செத்த டிஸ்க்குக்கு வாரண்டி இருந்தால் அனுப்பிவிடுங்கள். அடுத்த ஸ்பேருக்கு அன்றைக்கே பில் போடுங்கள். ஒரு வாரம் போனால் "இப்போதானே மாத்தினோம்" என்பார்.